பொன்னின் செந்நிறம்

பொன் மஞ்சள் நிறத்தது என்பதை நம்மில் அறியாதார் இல்லை. தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் நம் பாட்டிமார் காதிலும் மூக்கிலும் பூண்டிருந்ததும், பின்னர்ப் பிள்ளைகளின் படிப்புக்கென்றும் ஊர்ப் பயணத்துக்கென்றும் அடகுக்கடைப் பெட்டியில் போய் உறங்கியதும் அந்த மஞ்சட்பொன்னே. ஆயின் அதே பொன்னைத் துகளாக்கி, அத்துகளையும் துகளாக்கிக் கண்ணுக்கெட்டாத நுண்மைக்குக் கொண்டுபோய் நீரில் மிதக்கவிட்டால், அது மஞ்சளாய் இராது. மாதுளைச் சாறுபோற் சிவந்துவிடும். இச்சிவப்பைக் கொண்டு இன்று மருத்துவர் நோயைக் காண்கின்றனர். புற்றைச் சுட்டெரிக்கவும் முயல்கின்றனர்.

அளவை முதலிற் சொல்லிவிடுவோம். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு நானோமீட்டர் எனப்படும். நமது குருதியிலுள்ள ஒரு சிவப்பணுவின் அகலம் ஏறக்குறைய 7,000 நானோமீட்டர். நாம் கூறும் பொற்றுகளோ 20 நானோமீட்டர் அளவினது. ஆகவே ஒரே சிவப்பணுவின் குறுக்கே 350 துகள்களை வரிசையாக நிறுத்தலாம்.

இச்சிவப்பைப் பழங்காலத்தார் அறியாமலே ஆண்டனர். நான்காம் நூற்றாண்டில் ரோமர் செய்த லைக்கர்கஸ் கிண்ணம் என்பதொன்று லண்டன் பிரிட்டிஷ் காட்சிசாலையில் இருக்கின்றது. வெளியே வெளிச்சம் பட்டால் பச்சையாகவும், உள்ளே விளக்கை வைத்தால் சிவப்பாகவும் தோன்றும். அக்கண்ணாடியில் பொன்னும் வெள்ளியும் நுண்துகள்களாய்க் கலந்திருப்பதே காரணம். பிற்காலத்தும் பொன்னிட்டுச் சிவப்புக் கண்ணாடி வார்த்தவர்கள் செய்முறையைப் பிறர் அறியாமற் காத்தார்களேயன்றி, அது ஏன் சிவந்தது என்று கேட்டாரில்லை. தொழிலைப் பூட்டி வைக்குமிடத்தில் அறிவு வளர்வதில்லை. இது நம் நாட்டு இரசவாதிகளுக்கும் ஒக்கும்.

கேட்டவர் ஒருவர் வந்தார். அவர் மைக்கேல் பாரடே. கொல்லன் மகன். பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகப் போய், கட்ட வந்த புத்தகங்களையே படித்துத் தேர்ந்தவர். கல்லூரி வாசலை மிதியாத இவர் 1857இல், பொன்னுக்கும் ஒளிக்கும் உள்ள உறவைப்பற்றித் தாம் செய்த சோதனைகளை லண்டன் ராயல் சங்கத்தில் வெளியிட்டார். பொன்னுப்புக் கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்தபோது செந்நிற நீர் உண்டாயிற்று. பார்வைக்கு அது தெளிந்த நீரே. ஆயினும் ஒளிக்கதிர் ஒன்றைக் குறுக்கே செலுத்தியபோது, ஓலைக்கூரை ஓட்டைவழி வந்த வெயிலில் தூசி தெரிவதுபோல், கதிர் சென்ற வழி துலங்கிற்று. ஆதலின் நீருள் பொன் கரைந்துவிடவில்லை, மிக நுண்ணிய துகளாய் மிதக்கின்றது என்று அவர் துணிந்தார். அவர் செய்த சில குப்பிகள் ராயல் நிறுவனத்தில் இன்றும் காப்பாற்றப்பட்டுள்ளன, நிறம் மாறவில்லை.

அப்பால் நடந்தவற்றை விரைந்து கூறுவோம். 1903இல் சிக்மாண்டி என்பார் சீடன்டாப் என்பாருடன் சேர்ந்து, அத்துகள்களை ஒளிப்புள்ளிகளாய்க் காட்டும் நுண்காட்டி ஒன்றை வெளியிட்டார். 1908இல் குஸ்தாவ் மீ அவற்றின் நிறத்துக்குக் கணக்குச் சொன்னார். துகளிலுள்ள மின்னணுக்கள் ஒளியின் அலைக்கேற்ப ஒருங்கே ஊசலாடுகின்றன. அவ்வூசல் பச்சை ஒளியை விழுங்கிவிடச் சிவப்பு எஞ்சுகின்றது. துகளின் அளவையும் வடிவையும் மாற்றினால் விழுங்கும் ஒளியும் மாறும். பின்னால் வரும் மருத்துவம் அனைத்தும் இதன்மேல் நிற்கின்றது.

இவ்விடத்தில் நம்மவர் இருவரைக் குறிப்பிடாமற் போதல் தகாது. திருச்சியிற் பிறந்த இராமனும், வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928இல் கல்கத்தாவில், பொருளிற் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறுவதைக் கண்டனர். அம்மாற்றம் ஒவ்வொரு பொருளுக்கும் கைரேகை போன்றது. ஆனால் மிக மங்கலானது. பொன் அல்லது வெள்ளியின் நுண்ணிய பரப்பின் அருகே அது பன்மடங்கு பெருகுவதைப் பிற்காலத்தார் கண்டு, உயிரணுவுக்குள் பொற்றுகளைச் செலுத்தி உள்ளிருக்கும் பொருளை அறிய வழி செய்தனர்.

1971இல் பாக், டெய்லர் என்னும் இருவர் பொற்றுகளின்மேல் நோயெதிர்ப்புப் பொருளை ஒட்டவைத்தனர். பொன் அன்றுமுதல் ஓர் அடையாளச் சீட்டாயிற்று. எதிர்ப்புப் பொருள் எதைத் தேடிப் பற்றுகின்றதோ, அங்கே பொன்னும் போய் நிற்கும்.

இனி நம் ஊர்க்கு வருவோம். ஜுருவில் வண்டியேறி, 1985இல் திறந்த பாலத்தைக் கடந்து தீவில் இறங்கினால், சற்றுத் தொலைவில் குளுகோரில் மலேசிய சயின்ஸ் பல்கலைக்கழகம் இருக்கின்றது. முன்னாள் பட்டாளப் பாசறை அது. இப்பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரஹ்மா நூர்டினும் அவர்தம் குழுவினரும் யானைக்கால் நோயை அறிய ‘புரூஜியா ராப்பிட்’ என்னும் பட்டையை ஆக்கினர்.

அதன் அருமையை அறிய, முன்பிருந்த முறையை நினைக்கவேண்டும். இந்நாட்டில் புரூஜியா மலாயி என்னும் புழுவே இந்நோய்க்குப் பெரிதும் காரணம். நீர்ச்செடிகளின் வேரைத் துளைத்து மூச்சுவிடும் கொசுப்புழுக்களிலிருந்து வளரும் மான்சோனியா கொசு அதனைப் பரப்புகின்றது. முற்பிறப்பின் பாவம் என்று நம்மவர் தலையெழுத்தை நொந்த வீக்கம், உண்மையில் ஒரு கொசுவின் வேலை. இப்புழுவின் குஞ்சுகள் பெரும்பாலும் இரவிலேயே குருதியில் உலவும். ஆதலால் நள்ளிரவை ஒட்டி ஆட்களை எழுப்பி, விரல் குத்தி, கண்ணாடித் தகட்டில் குருதி எடுக்கவேண்டும். பகலெல்லாம் உழைத்தவன் எழுந்து வருவானா? குழந்தைதான் அழாதிருக்குமா?

புதிய பட்டைக்குப் பகலே போதும். புழுவின் ஒரு புரதத்தைக் கிருமிகளைக் கொண்டு செய்து, பட்டையில் ஒரு கோடாகத் தடவி வைத்திருப்பர். புழு புகுந்தவர் குருதியிலுள்ள எதிர்ப்புப் பொருள் அக்கோட்டிற் பற்றிக்கொள்ளும். பொன் ஏற்றிய மற்றொரு பொருள் அதன்மேற் பற்றும். அரைமணிக்குள் செங்கோடு தெரியும். இச்செங்கோடு பாரடே கண்ட அதே பொன். புரூஜியா புழு உள்ள நாடுகளில், நோய் பரவுதல் நின்றதா என்று பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்க உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒழிப்புத் திட்டத்தில் இப்பட்டை பயன்பட்டுள்ளது.

“இவையெல்லாம் நம் சித்தர் அன்றே கண்டவை, தங்க பற்பம் உண்டால் புற்றும் போகும்” என்பாரும் உளர். பற்பத்தைச் சோதித்தவர்கள் அதில் நானோ அளவுத் துகள்கள் உண்டென்று கண்டது மெய்யே. அதனால் புற்று போகும் என்பது எங்ஙனம் வந்தது? உடலிற் புகுந்த பொற்றுகளிற் பெரும்பகுதி ஈரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்குகின்றது. இன்ன அளவு, இன்ன மேற்பூச்சு, இன்ன ஒளி என்று வகுத்து, புற்றுள்ள இடத்தில் மட்டும் வேலை வாங்குவதே மருத்துவம். தாலிக்கொடியை விற்றுப் பற்பம் வாங்கி, மருத்துவமனைக்குப் போகும் நாளைத் தள்ளுகிறவர்களை எண்ணியே இதைச் சற்று அழுத்திச் சொல்கின்றோம்.

அவ்வேலை எவ்வளவில் நிற்கின்றது? 2003இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்து நவோமி ஹாலஸ், ஜெனிபர் வெஸ்ட் ஆகிய பெண்மணிகளின் குழு, மணற்பொருளாலாகிய உருண்டைக்குப் பொற்றோல் போர்த்து எலியின் புற்றைச் சுட்டுக் காட்டியது. அத்தோல், தசையை ஊடுருவும் செந்நிறத்துக்கு அப்பாலான ஒளியை விழுங்கிச் சூடாகும். 2019இல் மக்களிடம் செய்த முதற் சோதனைகளில் ஒன்றின் முடிவு வெளியாயிற்று. சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பியில் புற்றுடைய 16 பேர் எடுத்துக்கொள்ளப்பட்டனர். முதல்நாள் பொற்றுகளைக் குருதியிற் செலுத்தி, மறுநாள் ஒளியால் சுட்டனர். 15 பேருக்கே சிகிச்சை நிறைவேறிற்று. ஓராண்டு கழித்துச் சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தபோது 13 பேரிடம் சுட்ட இடத்தில் புற்று இல்லை. எஞ்சிய இருவரிடம் இருந்தது.