பாதிச் சட்டகத்தில் பார்த்தது

ஆறு வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில் ஒரு தீர்ப்பு எழுதினேன். ஹாங்காங்கின் குங்ஃபூ நகைச்சுவைப் படங்கள் எதற்கும் விலை கொடுக்காதவை. அடி விழும், வலி இருக்காது. குடிப்பான், போதை இறங்கியதும் பழையபடி எழுந்து நிற்பான். விளைவு என்பதையே அறியாத ஒரு கலை, கலையாக வளர முடியாது - என்பது அதன் சாரம். உதாரணமாக நான் நிறுத்தியது 1994ல் வந்த 'டிரங்கன் மாஸ்டர் II'. கட்டுரையை யாரும் மறுக்கவில்லை. யாரும் படிக்கவில்லை என்றும் சொல்லலாம். நம் வட்டத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. இப்போது நானே மறுக்க வேண்டியிருக்கிறது. நான் பார்த்தது அந்தப் படமே இல்லை.

இதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தப் படங்களின் ஊற்றை சினிமாவுக்குள் தேடினால் கிடைக்காது. கௌலூனில் யூ ஜிம்-யுவென் என்ற ஆசிரியர் நடத்திய பீகிங் ஆபரா பள்ளியில் தேட வேண்டும். பெற்றோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள். ஜாக்கி சான் அங்கே விடப்பட்டது ஏழு வயது வாக்கில். பத்து வருஷ ஒப்பந்தம். கரணம், மணிக்கணக்கில் தலைகீழாக நிற்பது, ஈட்டி வீச்சு, பாட்டு, பிரம்படி. மேடையில் பிள்ளைகள் சம்பாதித்தது ஆசிரியருக்கு. பாய்ஸ் கம்பெனிக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் புதிதாக விளக்க எதுவுமில்லை. ஸம்மோ ஹங், யுவென் பியாவ், யுவென் வா, கோரி யுவென் எல்லாம் அங்கே அடி வாங்கியவர்கள்தான். ஆசிரியரின் பெயரிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துத் தங்கள் மேடைப் பெயராக்கிக்கொண்டவர்கள். பயிற்சி முடிந்து அவர்கள் வெளியே வந்தபோது அந்த நாடகத்தைப் பார்க்க ஆள் இல்லை. உடம்பு ஒன்றுதான் மிச்சம். அதை ஸ்டூடியோக்களில் நாள் கூலிக்கு, சுவரிலிருந்து விழவும் ஜன்னலை உடைத்துக்கொண்டு போகவும் விற்றார்கள். 1988ல் அலெக்ஸ் லா இந்தப் பள்ளியைப் பற்றி 'பெயின்டட் ஃபேஸஸ்' என்று படம் எடுத்தபோது ஆசிரியர் வேஷம் கட்டியது ஸம்மோ ஹங். அடி வாங்கியவனே பிரம்பைக் கையில் எடுத்து நிற்கிறான். அந்த முகத்தில் இருப்பது வன்மமா வாஞ்சையா என்று இரண்டு முறை பார்த்தும் எனக்குத் தீர்மானமாகவில்லை.

ஆபரா இவர்களுக்குக் கொடுத்தது சண்டையை அல்ல, தாளத்தை. சேகண்டியும் தாளமும் ஓங்கி விழும் இடத்தில் நடிகன் சிலைபோல் நின்றுவிடுவான், பிறகு சீறுவான், மறுபடி நிற்பான். டேவிட் போர்ட்வெல் 2000ல் வெளியிட்ட 'பிளானட் ஹாங்காங்' என்ற நூலில் ஹாங்காங் சண்டைக் காட்சிகளின் லயத்தை இந்த நிறுத்தம்-சீற்றம்-நிறுத்தம் என்ற கட்டில்தான் கண்டார். நகைச்சுவைக்கும் இதே நிறுத்தம்தான் ஆதாரம். அடி விழுந்தபின் ஒரு கணம் எதுவும் நடக்காமல் இருந்தால்தான் சிரிப்பு வரும்.

1973 ஜூலையில் புரூஸ் லீ இறந்தார். அதற்குப் பின் சில வருஷங்கள் தயாரிப்பாளர்களுக்கு வேண்டியிருந்தது இன்னொரு புரூஸ் லீ. லோ வெய் 1976ல் 'நியூ ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி'யில் ஜாக்கி சானை முறைத்துப் பார்க்கவைத்தார். அந்த முகத்தில் முறைப்பு நிற்கவில்லை, படமும் நிற்கவில்லை. 1978ல் ங் ஸீ-யுவென் என்ற தயாரிப்பாளர் ஜாக்கியை லோ வெய்யிடமிருந்து இரவல் வாங்கினார். இரவல் வாங்கிய பொருளை யாரும் ரொம்ப மரியாதையாக வைத்துக்கொள்வதில்லை. அதனால் நன்மையே விளைந்தது. யுவென் வூ-பிங் முதன்முதலாக இயக்கிய 'ஸ்நேக் இன் தி ஈகிள்ஸ் ஷாடோ', அதே வருஷத்தில் 'டிரங்கன் மாஸ்டர்'. லாவ் கா-லியுங் 1975லேயே 'தி ஸ்பிரிச்சுவல் பாக்ஸர்' எடுத்துக் கதவைத் திறந்துவைத்திருந்தார் என்பது வாஸ்தவம். ஆனால் உள்ளே நுழைந்தது இவர்கள்தான்.

இவர்கள் செய்த துணிச்சலைப் புரிந்துகொள்ள வாங் ஃபெய்-ஹுங் யார் என்று தெரிய வேண்டும். கான்டன் பகுதியில் வாழ்ந்த வைத்தியர், வித்தை ஆசான், 1925ல் இறந்தவர். 1949லிருந்து குவான் டாக்-ஹிங் என்ற நடிகர் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் அவராக வந்து, தர்மத்தையும் பொறுமையையும் உபதேசித்துக்கொண்டிருந்தார். ஊரே தாத்தா ஸ்தானத்தில் வைத்திருந்த மனிதரை 'டிரங்கன் மாஸ்டர்' இருபது வயதுச் சோம்பேறியாக்கிவிட்டது. சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடப் பார்க்கிறான். பயிற்சியிலிருந்து தப்பி ஓடுகிறான். பிச்சைக்காரக் கிழவன் ஒருவனிடம் அகப்பட்டுக்கொண்டு எட்டுக் குடிகாரத் தேவர்களின் அடவுகளைக் கற்கிறான். எட்டாவது ஒரு பெண் தேவதையின் அடவு. ஆண்பிள்ளை ஆட வெட்கப்பட்டு அதைப் படிக்காமல் விட்டுவிடுகிறான். கடைசிச் சண்டையில் மற்ற ஏழும் தீர்ந்துபோக, படிக்காத அந்த ஒன்றைத்தான் அங்கேயே சொந்தமாக இட்டுக்கட்டி, ஒயிலாக வளைந்து நெளிந்து ஜெயிக்கிறான். மரபு பற்றியும் தனித்திறமை பற்றியும் நாம் இங்கே வருஷக்கணக்காகப் போட்ட சண்டைகளைவிட இந்தப் பத்து நிமிஷம் தெளிவாக இருக்கிறது என்று சொன்னால் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

மொழியும் இதில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் கான்டனீஸ் சினிமா கிட்டத்தட்ட செத்திருந்தது. கான்டனீஸ் பேசும் ஊரில் திரையில் ஓடியது மாண்டரின். 1973ல் 'தி ஹவுஸ் ஆஃப் 72 டெனன்ட்ஸ்' அதைத் திருப்பிக் கொண்டுவந்தது; அடுத்த வருஷத்திலிருந்து மைக்கேல் ஹூயின் படங்கள் தெருப் பேச்சையே வேடிக்கையாக்கின. வீர வசனம் மாண்டரினில் வந்தது, சிரிப்பு கான்டனீஸில் வந்தது என்று கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லலாம்.

எனக்கு இது எதுவும் தெரியாது. நான் 'டிரங்கன் மாஸ்ட'ரைப் பார்த்தது பள்ளிக்கூட நாட்களில், சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த வி.சி.ஆரில், வாடகை டேப்பில். கிழவனும் பையனும் வில்லனும் மளிகைக்கடைக்காரரும் ஏறக்குறைய ஒரே குரலில் ஆங்கிலம் பேசினார்கள். பாஷை போனதுகூடப் பெரிதில்லை, போனது சட்டகம். இந்தப் படங்கள் உயரத்தைப்போல் இரண்டேகால் மடங்குக்கும் மேல் அகலமாக எடுக்கப்பட்டவை. பழைய டெலிவிஷன் பெட்டியோ நாலுக்கு மூன்று. பெட்டி நிறையும்படி படத்தை வெட்டினால் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வெளியே போய்விடுகிறது. ஒருவன் குத்துகிறான், வாங்கிக்கொண்டவன் திரைக்கு வெளியே எங்கோ விழுகிறான். ஸ்டூல் ஒன்று பறந்து வருகிறது, எறிந்தவன் இல்லை. ஜாக்கி சானும் ஸம்மோ ஹங்கும் காமிராவைத் தள்ளி நிறுத்தி, அடிப்பவனையும் அடிபடுபவனையும் ஒரே சட்டகத்தில் வைப்பவர்கள். வேடிக்கை அந்த இருவருக்கும் இடையே உள்ள தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தைத்தான் டேப் வெட்டியது. மிச்சத்துக்கு நாங்கள் சிரித்தோம்.

வெட்டியவர்கள் பல தரப்பு. பிரிட்டனில் 1979லிருந்து இருபது வருஷம் தணிக்கையாளர்கள் சங்கிலித் தடி தெரிகிற இடமெல்லாம் கத்திரி போட்டார்கள். 1984ல் வீடியோவுக்கென்றே தனிச் சட்டம் வந்தபின் வீட்டு டேப்பும் தப்பவில்லை. 1991ல் நின்ஜா ஆமைகளின் இரண்டாவது படத்தில் ஓர் ஆமை கோத்த ஸாஸேஜ்களைச் சங்கிலித் தடி மாதிரி சுழற்றுகிறது. ஸாஸேஜையும் வெட்டினார்கள். இதைவிட நல்ல நகைச்சுவை அந்தப் படத்தில் இல்லை.

டேப் எடுத்துக்கொண்டது இவ்வளவு; கொடுத்ததும் உண்டு. திரும்ப ஓட்டலாம். 1983ல் வந்த 'பிராஜக்ட் ஏ'யில் மணிக்கூண்டின் முள்ளில் தொங்கி, கை நழுவி, இரண்டு துணிப்பந்தல்களைக் கிழித்துக்கொண்டு ஜாக்கி சான் தரையில் விழுகிறார். ஹெரால்ட் லாய்ட் 1923ல் தொங்கிய கடிகாரத்துக்கு அறுபது வருஷம் கழித்துச் சொன்ன பதில். தியேட்டரில் அது சில விநாடி. வீட்டில் நான் அதை எத்தனை முறை ஓட்டினேன் என்று கணக்கில்லை. நாள் முடிவில் காஷ் இடிக்கும்போது ஒவ்வொரு வவுச்சராகத் திரும்பப் பார்ப்பதுபோல, எங்கே வெட்டு, எங்கே ஏமாற்று என்று தேடினேன். இல்லை. ஒரு மனித உடம்பு விழுகிறது, அவ்வளவுதான். கவிதையை வரி வரியாகப் படிக்கக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதைப் பழகியது அந்த ரிமோட்டில்.

ஆனால் அந்தப் படங்களின் முடிவை டேப்பில் நான் பார்த்ததில்லை. 1982ல் வந்த 'டிராகன் லார்ட்' தொடங்கி ஜாக்கி சான் தம் படங்களின் பெயர்ப்பட்டியலோடு தவறிப்போன எடுப்புகளைக் காட்டினார். இடறி விழுவது, எரிவது, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போவது. 'ஆர்மர் ஆஃப் கா'டின் முடிவில், யூகோஸ்லாவியாவில் மரத்திலிருந்து விழுந்து மண்டை ஓடு உடைந்த விபத்தே இருக்கிறது. எனக்குக் கிடைத்த டேப்புகளில் பெயர்ப்பட்டியல் தொடங்கும் இடத்தில் வேறு ஏதோ படத்தின் பாட்டுப் பதிவாகியிருந்தது. டேப் மிச்சம் பிடிக்கிற கடைக்காரருக்குப் பெயர்ப்பட்டியல் எதற்கு? விலை கொடுக்காத கலை என்று நான் எழுதியபோது, ரசீது ஒட்டியிருந்த பக்கம் மட்டும் கிழிந்த பிரதியை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

இனி 'டிரங்கன் மாஸ்டர் II'. லாவ் கா-லியுங் இயக்கத் தொடங்கி, சண்டை எப்படி இருக்க வேண்டும் என்ற தகராறில் பாதியில் விலக, கடைசிச் சண்டையை ஜாக்கி சானே எடுத்தார். இரும்பாலையில், நிஜமான கனல் கரியின் மேல் கையூன்றித் தவழ்ந்து, ஆலைச் சாராயத்தைக் குடித்து ஜெயிக்கிறான் வாங் ஃபெய்-ஹுங். அமெரிக்காவில் 2000ல் புதிய ஆங்கிலக் குரலும் புதிய இசையும் பூசி வெளியிட்டபோது படம் அந்த வெற்றியோடு முடிந்தது. நான் வைத்திருந்த டிஸ்க் அதன் வாரிசு. ஹாங்காங் பிரதியில் இன்னொரு சின்னக் காட்சி இருக்கிறது. அதைச் சென்ற வருஷம்தான் பார்த்தேன். அரசாங்கம் கௌரவிக்க ஆள் அனுப்புகிறது. கௌரவம் வாங்க வேண்டியவனுக்குக் குடித்த விஷத்தில் புத்தி பேதலித்துப் போயிருக்கிறது.

இதை உன்னதமான முடிவு என்று இப்போது தலைகீழாக எழுதமாட்டேன். காட்சி கொச்சையானது. ஊனத்தைக் கோமாளித்தனமாக்கிச் சிரிக்கச் சொல்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விநியோகஸ்தர் கூச்சப்பட்டு வெட்டியதில் நியாயம்கூட இருக்கலாம். ஆனால் விளைவு அங்கே இருந்தது. இல்லை என்று நான் பெரிய வார்த்தைகளில் குற்றம் சாட்டியது படத்தை அல்ல, கத்திரியை.

ஷா பிரதர்ஸின் 760 படங்களையும் 2000ல் செலஸ்டியல் வாங்கி, 2002லிருந்து முழு அகலத்தில் வெளியிட்டது. 2016ல் ஃபூனாய் வி.சி.ஆர். செய்வதை நிறுத்தியது, கடைசி வரை செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். இன்று முழுப் படம் யாருக்கும் கிடைக்கும். எனக்கு 'டிரங்கன் மாஸ்ட'ரை முழு அகலத்தில் பார்க்கும்போது இடமும் வலமும் புது ஆட்கள் வந்து நிற்பதுபோல் இருக்கிறது.

பழைய கட்டுரையில் பெண் பாத்திரங்கள் வெறும் பொம்மைகள் என்றும் ஒரு பாரா இருந்தது. பொதுவாக அது இன்னும் நிற்கும். ஆனால் அதே படத்தில் சின்னம்மாவாக வரும் அனிதா முய் - ஜாக்கி சானைவிட ஒன்பது வயது இளையவர் - தாம் வரும் காட்சிகளையெல்லாம் மற்றவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறார். அதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்பதற்கு எந்தக் கத்திரியையும் காரணம் காட்ட முடியாது. அந்தக் காட்சிகள் என் டிஸ்க்கிலும் இருந்தன.