ரஜூலாவைக் கரைசேர்த்த இரண்டு ஷாஃப்டுகள்



"எந்தக் கப்பலில் வந்தீர்கள்?" என்று திகாம் பத்து, சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் பெரியவர்களைக் கேட்டால் பலரும் சொன்ன பதில் ஒன்றுதான்: ரஜூலா. அந்தப் பெயரை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கப்பலை ஓட வைத்தது எது என்று நாம் கேட்டதே இல்லை. இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

ரஜூலா 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தமான அதன் மொத்தக் கொள்ளளவு 8,478 டன். தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்று அது வந்து போனது. கங்காணிகள் திரட்டி வந்த தொழிலாளர்கள் பினாங்கில் இறங்கி, ஜெர்ஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்துவிட்டு, பிறகே கெடா தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். உதவி பெற்று வரும் தொழிலாளர் பயணத்தை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியது. அதன் பிறகும் ஊருக்குப் போகவும் வரவும் நம்மவர்களுக்கு ரஜூலாதான் துணை.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய 1,250 கடல் மைல். நான்கைந்து நாள் இடைவிடாத ஓட்டம். ரஜூலாவுக்கு இரண்டு நீராவி இயந்திரங்கள், இரண்டு ஷாஃப்டுகள், இரண்டு புரொப்பெல்லர்கள். புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 80 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால்கூட, பினாங்கு வந்து சேர்வதற்குள் ஒவ்வொரு ஷாஃப்டும் ஏறக்குறைய ஐந்து லட்சம் முறை சுற்றியிருக்கும்!

இரண்டு எதற்கு? ஒற்றைப் புரொப்பெல்லர் கப்பலைப் பக்கவாட்டில் இழுக்கும். இரண்டை எதிரெதிர்த் திசையில் சுற்றவிட்டால் அந்த இழுப்பு சமமாகிவிடும். நடுக்கடலில் ஓர் இயந்திரம் நின்றுபோனாலும் மற்றொன்று கரைசேர்க்கும். ஆயிரக்கணக்கான உயிர்களைச் சுமக்கும் கப்பலுக்கு இதைவிடப் பெரிய காப்பு வேறென்ன?

ஆனால் இரண்டு இயந்திரம் என்றால் இரண்டு மடங்கு கவனமும் வேண்டும். அந்தக் காலத்துப் பெரிய கப்பல்களில் இயந்திரம் நடுவில் இருக்கும். புரொப்பெல்லர் பின்னால் இருக்கும். இடையில் நீண்ட ஷாஃப்ட், துண்டு துண்டாக இணைக்கப்பட்டு, பல பேரிங்குகள் மேல் கிடக்கும். இவை அனைத்தும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். பட்டறையில் மெல்லிய கம்பியை முனைக்கு முனை இறுக்கிக் கட்டி அந்தக் கோட்டைப் பிடிப்பார்கள். இரண்டு இணைப்புத் தட்டுகளுக்கு நடுவே மெல்லிய தகடுகளை நுழைத்து, மேலும் கீழும் இடமும் வலமும் இடைவெளி ஒன்றுதானா என்று பார்ப்பார்கள். மயிரிழை பிசகினாலும் பேரிங் சூடாகும், தேயும், கப்பலே அதிரும். கரையில் சரியாக இருந்த கோடு, கப்பல் தண்ணீரில் இறங்கியதும் சற்றே மாறும். ஏனென்றால் கப்பலின் உடல் வளைந்து கொடுக்கும். ஆகவே மிதக்கும்போது மறுபடியும் சரிபார்க்க வேண்டும். இன்று கோலக் கெடாவில் மீன்பிடிப் படகுக்கு இயந்திரம் பொருத்துகிறவருக்கும் இதே விதிதான்.

கப்பலின் அடியில், ஷாஃப்ட் ஓடும் குகைபோன்ற பாதையில், எண்ணெய்க் குவளையோடு நடந்தவர்களும் உண்டு. அந்நிறுவனக் கப்பல்களின் இயந்திர அறையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வங்காள முஸ்லிம்கள். பேரிங்கின் மேல் கையை வைத்துச் சூடு பார்ப்பார்கள். மேல்தளத்தில் கைக்குழந்தையோடு படுத்திருந்த நம் பாட்டிமார்கள் அவர்களைப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தக் கைகளை நம்பித்தான் அவர்கள் உறங்கினார்கள்.

ரஜூலாவின் உடன்பிறப்பான ரோனா கப்பலுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. 1943 நவம்பர் 26-இல் அல்ஜீரியக் கடலில் ஜெர்மானியர் ஏவிய குண்டுக்கு அது பலியானது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரஜூலாவோ போர்க்காலத்தில் படைவீரர்களைச் சுமந்துவிட்டு மீண்டும் நம் வழித்தடத்துக்கே திரும்பியது. 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, மறு ஆண்டு உடைக்கப்பட்டது. 47 ஆண்டுகள் உழைத்த கப்பல் அது.

நேயர்களே, நம் வரலாற்றைப் பேசும்போது கங்காணியைப் பேசுகிறோம், துரையைப் பேசுகிறோம். கம்பி கட்டிக் கோடு பார்த்தவனையும், பேரிங்கில் கை வைத்தவனையும் பேசுவதில்லை. அதனால்தானோ என்னவோ, பட்டறை வேலை என்றால் இன்றும் நம் வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். படிப்பு ஏறாத பிள்ளைக்குத்தான் அந்த வேலை என்று நினைக்கிறார்கள். உங்கள் வீட்டில் ரஜூலாவில் வந்த பெரியவர் யாரேனும் இருந்தால், அவர் வந்த ஆண்டையும் ஊரையும் கேட்டு எழுதி வையுங்கள். கைத்தொழில் கற்கப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். நம்மை இந்த மண்ணில் இறக்கியது அப்படிப்பட்ட கைகளின் வேலைதான்.