பக்கத்தில் இருப்பவரின் வரலாறு

திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் நாள்தோறும் காதில் விழும் சொற்களுள் ஒன்று 'பைஸ்டாண்டர்'. நோயாளியுடன் தங்கியிருக்கும் உறவினரைக் கேரள மருத்துவமனைகள் அவ்வாறு அழைக்கின்றன. ஆங்கிலத்தில் இச்சொல்லின் பொதுப்பொருள், நடப்பதில் பங்கெடுக்காமல் அருகே நின்று பார்ப்பவர் என்பது. இங்கோ, மருந்துச் சீட்டுடன் ஓடுபவரும், பரிசோதனை முடிவுக்காக வரிசையில் நிற்பவரும், இரவில் கட்டிலுக்கு அருகே தரையில் பாய் விரிப்பவரும் அவரே. மலையாளத்தில் அவர் 'கூட்டிரிப்புக்காரர்'. தமிழில் 'துணைக்கு வந்தவர்'. 1951இல் தொடங்கிய இக்கல்லூரிக்கும், இதே வளாகத்தில் 1981இல் உருவான மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி எல்லைக்குள் இருந்த நிலம். எல்லை மாறியபின்னும் மருத்துவத்துக்கான வழி மாறவில்லை. நோயாளிக்குத் துணையாக வருபவரின் மனநலத்தை மருத்துவ வரலாறு எப்போது கவனிக்கத் தொடங்கியது என்பதே இப்பதிவின் கேள்வி.

அவர் மருத்துவத்துக்குப் புதியவர் அல்லர். திருக்குறளின் 95ஆம் அதிகாரமான 'மருந்து', தன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, உழைச்செல்வான். 'உழை' என்றால் பக்கம்; நோயாளியின் பக்கத்தில் இருந்து மருத்துவத்தை நடத்துபவரே உழைச்செல்வான். சரக சம்ஹிதையும் ஏறத்தாழ இதே நான்கைச் சொல்கிறது. பரிமேலழகர் தம் உரையில் உழைச்செல்வானுக்கு நான்கு இயல்புகளை வகுக்கிறார்: நோயாளியிடம் அன்பு, தூய்மை, சொன்னதைச் சொன்னவாறு செய்யும் வல்லமை, அறிவு. உற்றுநோக்கினால் இந்நான்கும் அவர் தரவேண்டியவை. அவருக்குத் தரப்பட வேண்டியது எது என்ற கேள்வி அப்பட்டியலில் இல்லை. அந்தக் கேள்வி எழ மேலும் பல நூற்றாண்டுகள் ஆயின.

நவீன இந்தியாவில் குடும்பத்தை மருத்துவமனைக்குள் முறையாக அழைத்தது மனநல மருத்துவம். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து நோயாளிகளின் குடும்பத்தினரையும் உடன் தங்கவைத்தார். நோயாளிகள் நிரம்பி வழிந்த மருத்துவமனையில் போதிய ஊழியர் இல்லை என்பது அதற்கு ஒரு காரணம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் 1957இல் தொடங்கிய மனநல மையமும் குடும்பத்தினர் உடன் தங்கும் முறையைக் கைக்கொண்டது. நோயாளியைச் சங்கிலியிலும் தனிமையிலும் விட்ட காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் மனிதநேய மாற்றம். ஆயினும் இதற்கு மறுபக்கம் உண்டு. அரசு நிரப்பாத பணியிடத்தைக் குடும்பம் நிரப்பியது. குடும்பத்துக்குள் அதை நிரப்பியவர் பெரும்பாலும் ஒரு பெண். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வும் இதையே காட்டுகிறது: ஊதியமின்றி வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 27.6 சதவீதம், ஆண்கள் 14 சதவீதம். அவ்வாறு ஈடுபட்ட பெண் சராசரியாக 134 நிமிடங்களும் ஆண் 76 நிமிடங்களும் அதற்குச் செலவிட்டனர்.

பராமரிப்பவரின் களைப்புக்குக் கலைச்சொல் கிடைத்தது 1974இல். நியூயார்க் நகரின் இலவச மருத்துவ நிலையம் ஒன்றில், பகல் நேரப் பணி முடிந்தபின் மாலைகளில் உழைத்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர், தன்னிடமும் சக ஊழியரிடமும் கண்ட வறட்சியைப் 'பர்ன்அவுட்' என்று எழுதினார். எரிந்து தீர்ந்துபோதல். ஆனால் அது ஊழியருக்கான சொல். வேலையை விட்டு விலகவோ விடுப்பு எடுக்கவோ இயலாத மகளுக்கும் மனைவிக்கும் என்ன பெயர்?

1980இல் ஸ்டீவன் சாரிட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் முதுமை மறதி நோயுற்ற 29 பேரின் பராமரிப்பாளர்களை ஆராய்ந்தனர். நோயாளியின் நடத்தைச் சிக்கல்கள் கூடக்கூடப் பராமரிப்பவரின் பாரமும் கூடும் என்றே எவரும் எண்ணுவோம். கிடைத்த விடை வேறு. பாரத்தின் அளவு நோயாளியின் நடத்தைச் சிக்கல்களைப் பொறுத்து அமையவில்லை. பிற உறவினர்கள் அவ்வீட்டுக்கு எத்தனை முறை வந்துபோகிறார்கள் என்பதைப் பொறுத்து அமைந்தது. சிறிய ஆய்வுதான், எனினும் இத்துறையின் போக்கை அது மாற்றியது. மறு ஆண்டே பெங்களூரில் ஷைலா பாயும் கபூரும் இந்தியக் குடும்பங்களுக்கென ஓர் அளவுகோலை வகுத்தனர். பணம், அன்றாட வேலை, ஓய்வு, குடும்ப உறவாடல், பிறரின் உடல்நலம், பிறரின் மனநலம் என ஆறு வகையாகப் பாரத்தை அது பிரித்தது. மனநோயாளியின் வீட்டில் நோயாளி அல்லாதவரின் மனத்தையும் கேட்டறிய வேண்டும் என்பது அதன் வழி நடைமுறைக்கு வந்தது.

கேட்டறிந்தபின் என்ன செய்வது என்பதற்குக் கேரளம் ஒரு விடையைத் தேடியது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் முதலியோர் வலி மற்றும் தணிப்பு மருத்துவச் சங்கத்தைத் தொடங்கினர். மருத்துவமனைக்கு வர இயலாதோரை அதனால் எட்ட முடியவில்லை. எனவே 1990களின் இறுதியில், மலப்புறத்தை மையமாகக் கொண்டு, அயலகத்தார் வலைப்பின்னல் உருவானது. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடிய ஊர்க்காரர்கள் பயிற்சி பெற்று, செவிலியருடன் வீடுகளுக்குச் சென்றனர். உலக சுகாதார நிறுவனம் 2002இல் வெளியிட்ட வரையறையும் தணிப்பு மருத்துவத்தை நோயாளிக்கு மட்டும் உரியதாகச் சொல்லவில்லை. நோய்க்காலத்திலும் இழப்புக்குப் பின்னும் குடும்பத்தைத் தாங்குவது அதன் கடமை என்றது. ராஜகோபால் 2003இல் பாலியம் இந்தியாவைத் திருவனந்தபுரத்தில் நிறுவினார். 2008இல் கேரள அரசு தணிப்பு மருத்துவத்துக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. இந்திய மாநிலங்களில் அதுவே முதலாவது. படுக்கையில் கிடப்போரை முழுநேரமும் பராமரிப்பவருக்கு மாதந்தோறும் உதவித்தொகை தரும் 'ஆசுவாசகிரணம்' என்ற திட்டமும் வந்தது. 600 ரூபாய் என்பது சொற்பத் தொகை. ஆனால் அது நோயாளியின் பெயரால் அன்றி, அவர் பக்கத்தில் இருப்பவரின் உழைப்பின் பெயரால் தரப்படுவது. பரிமேலழகரின் பட்டியலில் இல்லாத கேள்வியை ஓர் அரசு தாமதமாகவேனும் எதிர்கொண்டது.

இவ்வரலாற்றை ஒருசேரப் பார்க்கையில் எனக்குத் தெளிவாவது ஒன்று. பராமரிப்பவர் தம் மனநலத்தைத் தாமே பேணிக்கொள்ள வேண்டும் என்ற அறிவுரை இன்று எங்கும் ஒலிக்கிறது: நன்றாக உறங்குங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள், உங்களுக்கென நேரம் ஒதுக்குங்கள். அறிவுரையில் பிழையில்லை. ஆனால் அவர் உறங்கும்போது நோயாளியின் அருகே விழித்திருப்பவர் யார் என்பதற்கு அதில் விடையில்லை. அவருடைய மனம் ஓரளவேனும் ஆறியது, இன்னொருவர் வாசலில் வந்து நின்றபோதுதான்.

மொழியியல் படித்தவளாக ஒரு சொல்லைச் சுட்டி முடிக்கிறேன். 'பார்' என்பது காண்பது. 'பார்த்துக்கொள்' என்பது பேணுவது. 'கொள்' என்னும் துணைவினை, செயலின் பயனோ விளைவோ செய்பவரையே வந்தடைவதைக் காட்டும்: 'வாங்கிக்கொண்டாள்', 'காயப்படுத்திக்கொண்டான்'. பிறரைப் பேணுவதற்கும் தன்னைப் பேணுவதற்கும் தமிழில் இந்த ஒரே வினைதான். நோயாளியைக் காணச் செல்லும் நாம் விடைபெறும்போது பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு ஏவல்களை விட்டுவருகிறோம்: 'அம்மாவை நல்லா பார்த்துக்கோ, உன் உடம்பையும் பார்த்துக்கோ.' இரண்டு சுமையும் ஒரே தலையில். அதே வினைக்குத் தன்மை வடிவமும் உண்டு: 'சாயங்காலம் வரைக்கும் நான் பார்த்துக்கிறேன், நீ போய்த் தூங்கு.' உங்கள் உறவிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரம் ஏவலை விடுத்துத் தன்மையில் பேசிப் பாருங்கள். நீங்களே அந்த ஒருவராக இருந்து, பேச ஆளில்லாமல் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.