ஓடு மெலிந்த கதை

செம்பனைப் பழம் ஒன்றைக் கத்தியால் குறுக்கே வெட்டினால் மூன்று வகைகளில் ஒன்று தெரியும். வெளியே எண்ணெய் ஊறிய சதை, நடுவில் பருப்பு. இரண்டுக்கும் இடையே கெட்டியான ஓடு இருந்தால் அந்த மரம் டுரா. மெல்லிய ஓடும், அதைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகளாக நார் வளையமும் இருந்தால் தெனெரா. ஓடே இல்லையென்றால் பிசிஃபெரா. ஜொகூரின் செம்பனை வரலாற்றைத் துரைமார், கம்பெனிகள், ஏக்கர் கணக்கு என்று எழுதுவது வழக்கம். அந்த ஓட்டின் கனத்தை வைத்தும் எழுதலாம். தோட்டத்தின் வரும்படியைத் தீர்மானித்தது பெரும்பாலும் அதுதான்.

மேற்கு ஆப்பிரிக்க மரமான இது, 1848இல் நான்கே கன்றுகளாக ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்தது. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்ராவின் டெலிப் பகுதியில் பரவின. மலாயாவின் முதல் வணிகத் தோட்டம் 1917இல் சிலாங்கூரின் தென்னமாராமில் உருவானது. அதைத் தொடங்கிய ஹென்றி ஃபோகோனியே பின்னாளில் மலாயாவைப் பற்றிய நாவலுக்காக பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றவர். ஜொகூருக்கு வந்ததும் அதே டெலி வம்சந்தான். லாயாங் லாயாங் அருகிலுள்ள உலு ரெமிஸ், ஜொகூர் லாபிஸ் ஆகிய பெயர்களை விதை உற்பத்தியாளர்கள் இன்றும் தாய்மர வம்சங்களின் பெயராகச் சொல்கிறார்கள். ஆனால் அவை அனைத்தும் டுரா. பால்மரக் காட்டிலிருந்து செம்பனைக்கு மாறிய தொழிலாளர் தோளில் சுமந்த குலையின் பாரத்தில் கணிசமான பங்கு வெறும் ஓடு.

விடை ஆப்பிரிக்காவில் கிடைத்தது. பெல்ஜிய காங்கோவில் பெய்ர்னெர்ட், வாண்டர்வெயன் என்ற இருவர் 1941இல் வெளியிட்ட ஆய்வு, ஓட்டின் கனத்தை ஒரே ஒரு மரபணு ஆட்டிவைக்கிறது என்று காட்டியது. டுராவையும் பிசிஃபெராவையும் கலந்தால் பிறப்பவை எல்லாம் தெனெரா. தெனெராவைத் தெனெராவோடு கலந்தாலோ நாலில் ஒன்று டுராவாகத் திரும்பிவிடும். பட்டாணிச் செடியில் மெண்டல் போட்ட அதே கணக்கு. பிசிஃபெராவில் பெண் பூக்கள் பெரும்பாலும் காய்ப்பதில்லை. அதனால் அது மகரந்தம் கொடுக்கும் தகப்பன் மரமாக மட்டுமே பயன்படும். தெனெராவில் ஓடு இழந்த இடத்தைச் சதை பிடித்துக்கொள்கிறது. எண்ணெய் சுமார் 30 விழுக்காடு கூடுதல். 1960களில் மலேசியத் தோட்டங்கள் தெனெராவுக்கு மாறின. அரசின் நிலக் குடியேற்றத் திட்டமான பெல்டாவின் குடியேற்றங்களும் பெருகிய காலம் அது.

கதையின் குறுக்கே ஒரு வண்டு பறக்கிறது. அதை விட்டுவிட மனமில்லை. ஆப்பிரிக்காவில் செம்பனைக்கு மகரந்தம் சுமந்த பூச்சி இங்கே இல்லை. அதனால் மகரந்தத்தைப் பவுடரில் கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூக்களின் மேல் ஊதும் வேலை தோட்டத் தொழிலாளர்களுடையதாக இருந்தது. அவர்களில் பெண்கள் பலர். கேமரூனில் பணிபுரிந்த யுனிலீவர் அதிகாரி லெஸ்லி டேவிட்சன் அங்கே இந்த வேலைக்கே அவசியமில்லாததைக் கவனித்திருந்தார். பூச்சியியலாளர் ரஹ்மான் சையது காரணத்தைக் கண்டுபிடித்தார். அரிசி மணியைவிடச் சிறிய ஒரு வண்டு. தனிமைப்படுத்திச் சோதித்தபின், 1981 பிப்ரவரியில் குளுவாங் பக்கத்துப் பாமோல் தோட்டத்தில் அதைப் பறக்கவிட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் ஊதும் வேலை நாடு முழுவதும் மறைந்துபோனது, அதற்கான கூலியும்தான்.

அதே குளுவாங்கில் இன்னொரு ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது. நான்கு கன்றுகளின் வம்சத்தையே நம்பியிருப்பது ஆபத்து என்று உணர்ந்த மலேசியா, 1973இல் ராஜநாயுடு என்ற தாவர இனவிருத்தி அறிஞரை நைஜீரியாவுக்கு அனுப்பியது. காட்டு மரங்களிலிருந்து அவர் குலை குலையாகச் சேர்த்த விதைகள் குளுவாங் ஆராய்ச்சி நிலையத்தில் மரமாயின. மலேசியச் செம்பனை வாரியத்தின் அந்த மரபுத் தொகுப்பு இன்று உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று.

ஓட்டுக்குப் பொறுப்பான மரபணு அகப்பட உதவியதும் அந்த நைஜீரியச் சேகரிப்பே. அதைச் சேர்ந்த டி128 என்ற தெனெரா மரத்தைத் தன்னோடு தானே கலந்து பெற்ற வாரிசுகளைக் கொண்டு, வாரியத்தின் ரஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி, அமெரிக்காவின் ராபர்ட் மார்டியன்சென் குழுவினர் மரபணுவைத் தேடிப்பிடித்தார்கள். 2013 ஜூலையில் 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது. அவர்கள் வைத்த பெயர் ஷெல். தமிழில் ஓடு என்றே சொல்லிவிடலாம்.

இந்த மரபணு தருவது ஒரு படியெடுப்புக் காரணி. அதாவது, வேறு மரபணுக்களை எப்போது விழிக்கவைப்பது, எப்போது உறங்கவிடுவது என்று ஏவும் கங்காணிப் புரதம். அது ஜோடி சேர்ந்துதான் டி.என்.ஏ.வைப் பற்றும். பிசிஃபெராவில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் அந்தப் பிடி தளர்ந்து ஓடு உருவாவதே நின்றுபோகிறது. தெனெராவில் பாதி பிடி, பாதி ஓடு.

இந்தப் புரதக் குடும்பத்தின் பெயர் மேட்ஸ். 1990இல் நான்கு மரபணுக்களின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர்: எம் ஈஸ்டிலிருந்து, ஏ கடுகுச் செடியின் உறவான அரபிடாப்சிஸிலிருந்து, டி ஸ்னாப்டிராகன் பூச்செடியிலிருந்து. கடைசி எழுத்தான எஸ், மனிதனின் எஸ்.ஆர்.எஃப். என்ற மரபணு. 1998இல் எலிகளில் அதை நீக்கிப் பார்த்தபோது, கருவில் தசையும் இதயமும் இரத்தமும் பிறக்கவேண்டிய நடு அடுக்கே உருவாகவில்லை, கரு அழிந்தது. பழத்தில் ஓடு, கருவில் நடு அடுக்கு. உள்ளிருக்கும் விதையைச் சுற்றி எது வளரவேண்டும் என்று பனைக்குச் சொல்லும் புரதமும், இதயம் எதிலிருந்து வளரவேண்டும் என்று நமக்குச் சொல்லும் புரதமும் பங்காளிகள்.

தோட்டத்துக்கு இதனால் என்ன லாபம்? கன்றைப் பார்த்து டுராவா தெனெராவா என்று சொல்ல எந்த அனுபவசாலியாலும் முடியாது. நட்டு, காய்த்து, பழத்தைப் பிளந்தால்தான் தெரியும். அதற்குள் சில வருடம் போய்விடும். விதைத் தோட்டத்தில் காற்றோ வண்டோ தவறான மகரந்தத்தைக் கொண்டு சேர்த்தால் கலப்படம் உண்டாகிறது. மலேசியாவின் தனிப்பட்ட பயிரிடுவோரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஒரு பரிசோதனை ஆய்வில் சுமார் 11 விழுக்காடு மரங்கள் தெனெரா இல்லை என்று தெரிந்தது. இப்போது நாற்றங்காலிலேயே இலையில் ஒரு சிறு வட்டம் வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். வெட்டாமல் விட்டு, நட்டுவிட்ட டுரா மரமோ கால் நூற்றாண்டு அப்படியே நிற்கும்.