ரேடியேட்டர் பாதுகாப்பு

தமிழில் ரேடியேட்டர் என்றதும் பலருக்கும் கார் எஞ்சின்தான் நினைவுக்கு வரும். குளிர்நாட்டு வீடுகளில் அது சன்னலுக்குக் கீழே சுவரை ஒட்டி நிற்கும் உலோக வெப்பமூட்டி. பாய்லரில் சூடேறிய தண்ணீரோ நீராவியோ குழாய் வழியே வந்து உள்ளே நிறைய, உலோகம் சூடாகி அறையைக் கதகதப்பாக வைக்கும். 1850களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பிரான்ஸ் சான் கல்லி இதை உருவாக்கியதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

பிரிட்டனில் பழைய பாணி பாய்லர் அனுப்பும் தண்ணீர் 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். சூடு எவ்வளவு நேரத்தில் தோலைப் புண்ணாக்கும் என்று மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் இருவரும் ஆராய்ந்து 1947இல் வெளியிட்டார்கள்: 44 டிகிரியில் சுமார் 6 மணி நேரம்; 60 டிகிரியில் 5 விநாடி போதும். பெரியவர்கள் கை பட்டதும் இழுத்துக்கொள்வார்கள். நிற்கப் பழகும் குழந்தையோ, விழாமலிருக்கப் பிடித்ததை விடாமல் பிடித்துக்கொண்டே அழும். விழுந்து எழ முடியாத முதியவர் ரேடியேட்டரை ஒட்டியே கிடக்க நேர்ந்தால் ஆபத்து இன்னும் பெரிது. அதனால்தான் பிரிட்டனின் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் எளிதில் காயப்படக்கூடியவர்கள் தொடும் பரப்பு 43 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது வழிகாட்டுதல். வீடுகளுக்கு இப்படிக் கட்டாயம் இல்லை.

வீட்டில் பெரும்பாலோர் முதலில் வாங்குவது மரத்தாலான மூடுபெட்டி. கை படாமல் அது காக்கும். ஆனால் கீழே குளிர்காற்று நுழையவும் மேலே சூடான காற்று வெளியேறவும் தாராளமான திறப்பு வேண்டும். வெப்பநிலைக்கேற்பத் தானாக மூடிக்கொள்ளும் வால்வு பெட்டிக்குள் அடைபட்டால், அங்கே தேங்கிய சூட்டை அறையின் சூடென்று எண்ணிச் சீக்கிரமே மூடிவிடும். குழந்தைக்குச் சுடாது, வீட்டில் எல்லோருக்கும் குளிரும். உணரியைத் தனியே வெளியில் பொருத்தும் வால்வு இதற்குத் தீர்வு. பெட்டியைவிடத் தண்ணீரின் சூட்டையே குறைப்பது மேல். 50 டிகிரியை ஒட்டிய தண்ணீரில் வீடு கதகதப்பாக வேண்டுமானால் ரேடியேட்டர் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெட்டி போட்டாலும் போடாவிட்டாலும் குழாய்களை மறந்துவிடக் கூடாது: தரையிலிருந்து வால்வுக்கு ஏறும் ஒரு சாண் குழாய், தவழும் குழந்தையின் கைக்கு நேராக இருக்கிறது.

பூனை விஷயம் வேறு. மனிதர் கையை இழுத்துக்கொள்ளும் சூட்டில் அது சுகமாகச் சுருண்டு படுத்திருக்கும். ரேடியேட்டரில் மாட்டும் தொங்கு படுக்கை விற்பது அதனால்தான். மூட்டுவலியால் நகரச் சிரமப்படும் வயதான நாயின் படுக்கையை மட்டும் சற்றுத் தள்ளிப் போடலாம். குழாய் உறையாமலிருக்கச் சில வீடுகளில் தண்ணீரோடு உறைதடுப்பான் கலப்பார்கள். அது எத்திலீன் கிளைக்கால் என்றால், கசிந்து தரையில் தேங்கிய கொஞ்சத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம். புரோப்பிலீன் கிளைக்காலின் நச்சுத்தன்மை மிகக் குறைவு.

நியூயார்க்கின் பழைய அடுக்ககங்களில் ஓடுவது நீராவி. உலோகமே 100 டிகிரியை நெருங்கும். 2016 டிசம்பரில் பிராங்ஸ் பகுதியில் ரேடியேட்டரிலிருந்து பீறிட்ட நீராவியால் இரண்டு சிறு குழந்தைகள் இறந்தார்கள். அத்தகைய அறையில் தொட்டிலை ரேடியேட்டரிலிருந்து எட்டவே போட வேண்டும். சீறும், தண்ணீர் துப்பும் வால்வைக் குடியிருப்பவர் தாமே திருகிப் பார்க்காமல் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும். அந்தக் காலத்து வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களில் பெயின்ட் உரிந்தால் அதில் ஈயம் இருக்கலாம். அமெரிக்கா வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978இல்தான்.