நாய்கள் மண் பிறாண்டுதல்

மலமோ சிறுநீரோ கழித்தவுடன் நாய் கால்களை மாற்றி மாற்றித் தரையில் இழுத்து, மண்ணைப் பின்பக்கமாக வாரி இறைக்கும் பழக்கம். வீட்டு நாய், தெருநாய் இரண்டிடமும் இது உண்டு. ஓநாய், நரி, வட அமெரிக்கக் கயோட்டி ஆகிய காட்டு உறவினங்களிடமும் உண்டு. எல்லா நாய்களும் பிறாண்டுவதில்லை. பிறாண்டுகிற நாயும் ஒவ்வொரு முறையும் அதைச் செய்வதில்லை. ஆண் நாய்களிடம் மிகுதி என்றாலும் பெட்டை நாய்களும் செய்யும். குட்டிகளிடம் அரிது. வளர்ந்து, காலைத் தூக்கிச் சிறுநீர் விடத் தொடங்கும் பருவத்தை ஒட்டியே இதுவும் வருகிறது.

கழிவை மூடுவதற்காகப் பிறாண்டுகிறது என்பதே ஊர்களில் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பூனையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் பூனை செய்யும் வேலை வேறு. அது குழி பறித்துக் கழித்து, முன்னங்காலால் மண்ணைத் தள்ளி மூடி, மோந்து பார்த்து, வாசனை இருந்தால் மறுபடி மூடும். நாய் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கழித்த இடத்திலிருந்து ஓரடி ஈரடி தள்ளி நின்று, தலையை நிமிர்த்திச் சுற்றும்முற்றும் பார்த்தபடி நாலைந்து இழுப்பு இழுக்கும். மண் எங்கோ போய் விழும். கழிவு விழுந்தபடியே கிடக்கும்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இதைக் கவனிப்பது எளிது. இங்கு நாய்களில் பெரும்பாலானவை கயிற்றில் கட்டப்படாதவை. தெருவிலும் ஏரிக்கரையிலும் களத்து மேட்டிலும் அவை தம் போக்கில் திரிகின்றன. மண்ணும் உதவுகிறது. திண்டிவனத்தைச் சுற்றிய செம்மண் மேட்டு நிலம் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலைக்குப் பேர் போனது.  கோடையில் அந்த நிலத்தின் மேல்மண் வெளுத்துக் காய்ந்து போகும். விரற்கடை ஆழத்தில் நிறம் கருஞ்சிவப்பாக மாறும். நாயின் நகம் இழுத்த கோடு அதில் தூரத்திலிருந்தே தெரியும். விழுப்புரம் சந்திப்பின் நடைமேடை போன்ற சிமெண்டுத் தரையிலும் நாய் அதே வேகத்தோடு பிறாண்டும். வாரி இறைக்க அங்கே ஒரு பிடி மண்கூடக் கிடையாது. மூடும் விளக்கம் அங்கே முற்றிலும் உடைந்துவிடுகிறது.

அந்த விளக்கம் இப்படி உடைவதை எழுத்தில் பதிவு செய்தவர் சார்லஸ் டார்வின். மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சிகள் வெளிப்படும் விதம் பற்றி 1872-இல் அவர் வெளியிட்ட நூலில், வெறும் கல் பாவிய தரையில்கூட நாய்கள் நான்கு கால்களாலும் பின்நோக்கிப் பிறாண்டுவதைக் குறிப்பிடுகிறார். லண்டன் விலங்குக் காட்சிச்சாலையின் ஓநாய்களும் நரிகளும் அதையே செய்தன. ஆனால் மண் கையெட்டும் தூரத்தில் இருந்தாலும் அவை கழிவை ஒருபோதும் மூடியதில்லை என்று அங்கிருந்த காவலர்கள் அவரிடம் உறுதியாகச் சொன்னார்கள். மிஞ்சிய இரையை மட்டும் அவை மண்ணில் புதைத்தன. இதிலிருந்து டார்வின் ஒரு முடிவுக்கு வந்தார்: நாயினத்தின் தொல்மூதாதை ஏதோ ஒரு பயனுக்காகச் செய்த செயல், பயன் போன பிறகும் பழக்கமாக நீடிக்கிறது. அவர் கண்டது முழுக்கச் சரி. முடிவில்தான் பிசகு. பயன் போகவில்லை, கழிவை வைத்துத் தேடியதால் அது கண்ணில் படவில்லை.

பயனைக் காண, நாயை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள மற்ற நாய்களைக் கவனிக்க வேண்டியிருந்தது. அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு பிடித்தது. 1966-இல் ஆய்வாளர் டெவ்ரா கிளைமன் நாய்க் குடும்பத்து விலங்குகள் வாசனைக் குறி இடும் முறைகளைத் தொகுத்து எழுதினார். 1975-இல் ஆய்வாளர்கள் ரோஜர் பீட்டர்ஸும் டேவிட் மெக்கும் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பனிமேல் ஓநாய்களின் தடத்தைப் பின்தொடர்ந்து கண்டதை வெளியிட்டார்கள். காலைத் தூக்கி விடும் சிறுநீர், குந்தி விடும் சிறுநீர், மலம், பிறாண்டல் என்று நான்கையும் அவர்கள் குறியிடும் செயல்களாகவே கணக்கில் எடுத்தனர். கூட்டம் வாழும் பகுதியின் எல்லையோரத்தில் குறிகள் நடுப்பகுதியைவிட ஏறத்தாழ இரு மடங்கு நெருக்கமாக இருந்தன. கூட்டத்தில் மேல்நிலையில் உள்ள ஓநாய்களே பெரும்பாலும் குறியிட்டன.

நாயைப் பற்றிய திருப்பம் 1979-இல் வந்தது. அமெரிக்க விலங்கு நடத்தையியலாளர் மார்க் பெக்காஃப், அவிழ்த்துவிடப்பட்ட ஆண் நாய்களைக் கவனித்து, பிறாண்டல் ஒரு கூட்டுச் சைகை என்று எழுதினார். சிறுநீரின் வாசனை ஒரு செய்தி. தரையில் விழுந்த கீறல் அந்த வாசனை இருக்கும் இடத்தைக் கண்ணுக்குக் காட்டும் இன்னொரு செய்தி. பிறாண்டும் அசைவே, எதிரே நிற்கும் நாய்க்கு நேரில் சொல்லப்படும் மூன்றாவது செய்தி. வேறு நாய்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிறாண்டல் கூடியது. ஒரு சொட்டும் விடாமல் காலை மட்டும் தூக்கிக் காட்டுவதும் அப்படிப்பட்ட நேரங்களில் மிகுந்தது. பார்ப்பவருக்காகச் செய்யும் செயல் இது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நடைமேடைச் சிமெண்டில் நாய் பிறாண்டுவதும் இப்போது விளங்குகிறது: மண் எழாவிட்டாலும் அசைவு தெரிகிறது.

பாதத்தின் பங்கும் உண்டு. நாயின் பாதத் திண்டுகளில் வியர்வைச் சுரப்பிகளும், விரலிடுக்கின் மயிர்த்தோலில் வேறு வகைச் சுரப்பிகளும் உள்ளன. தேய்க்கும்போது அவற்றின் கசிவு தரையில் படும். கிளறிய மண்ணும் கிழிந்த புல்லும் தம் மணத்தையும் சேர்க்கும்.

2012-இல் சிமோனா கஃபாட்சோவும் உடன் பணியாற்றியவர்களும் ரோம் நகரப் புறத்தில் வாழ்ந்த ஒரு தெருநாய்க் கூட்டத்தைப் பற்றி எழுதினார்கள். குறியிடலுக்கும் கூட்டத்துக்குள் நாயின் தகுதிநிலைக்கும் தொடர்பு இருப்பதை அவர்கள் காட்டினர். அதற்கு முன்பே இந்தியாவில் இத்தகைய வேலை நடந்திருக்கிறது. மேற்கு வங்கத்தின் காட்வா நகரில் சுனில் குமார் பால் ஆண்டு முழுதும் தெருநாய்களைப் பின்தொடர்ந்து, சிறுநீரால் குறியிடுவது பற்றி 2003-இல் வெளியிட்டார். ஆண் பெண், பருவம், இடம், நிற்கும் நிலை என்று பிரித்துப் பிரித்துப் பார்த்த ஆய்வு அது. ஆண் நாய்கள் அதிகம் குறியிட்டன; எல்லைகளும் இணை தேடும் இடங்களும் குறிகளால் நிறைந்தன. பிறாண்டலை மட்டும் எடுத்துக்கொண்ட ஆய்வல்ல என்றாலும், கட்டப்படாத நாய்களிடம் செய்தது என்பதால் முக்கியமானது. வேலி போட்ட தோட்டத்தில் கயிறு பிடித்து நடத்தப்படும் நாயிடம், எல்லை என்பது மனிதன் தீர்மானித்தது. காட்வாவிலும் விழுப்புரத்திலும் எல்லையை நாய்களே தமக்குள் பேசித் தீர்க்கின்றன. பிறாண்டல் அந்தப் பேச்சின் பகுதி. கடித்துக் குதறாமலேயே 'இது என் இடம்' என்று சொல்ல உதவுவதால், இரு தரப்பும் காயத்தைத் தவிர்க்க முடிகிறது.

தன் இடத்தை மட்டுமல்ல, மனிதரின் உடைமையையும் காத்த நாய்க்கு இந்தப் பகுதியில் பழைய சான்று ஒன்று உண்டு. விழுப்புரத்துக்கு மேற்கே, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் இருக்கிறது. எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்ளனைக் கடித்துக் காத்திருந்த கோவிவன் என்ற நாயும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. ஏழாம் நூற்றாண்டிலேயே நாய்க்குப் பெயர் சொல்லிக் கல் நட்ட நிலம் இது.

நாய் தன் இடத்தோடு கொண்ட பிணைப்பு இன்று சட்டத்தையும் தொடுகிறது. 2001-இலும், பின்னர் அவற்றுக்குப் பதிலாக 2023-இலும் வந்த விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள், கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. அதன் பின்னுள்ள நியாயம் எளிது: காவலிருந்த கூட்டத்தை எடுத்துவிட்டால் குறிகள் காய்ந்து போகும், ஊசி போடாத வெளி நாய்கள் அங்கே நுழையும். 2025 நவம்பர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதிலிருந்து ஒரு விலக்கை உண்டாக்கியது. பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து பிடிக்கும் நாய்களைக் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கேயே திருப்பி விடக் கூடாது என்றது. குழந்தைகளும் பயணிகளும் கடிபடுவதைத் தடுப்பது அதன் நோக்கம். அந்த அச்சம் உண்மையானது. இந்த ஆணை விழுப்புரம் சந்திப்புக்கும் திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கும் பொருந்தும். நாய்களைப் பிடிப்பதோடு வேலை முடிவதில்லை. உணவுக் கழிவு கொட்டிக் கிடக்கும் வரை காலியான இடத்துக்கு அடுத்த தெருவின் நாய் வரும், மோந்து பார்க்கும், காலைத் தூக்கும், பிறாண்டும். நிலைய வாசலின் மண்ணில் புதிதாக விழும் கீறல்களைத் துப்புரவுப் பணியாளர்கள் கவனித்துச் சொன்னால், வெளி நாய் வந்திருப்பதை அது யாரையும் கடிப்பதற்கு முன்பே அறிந்து தடுப்பூசி போட்டுவிடலாம்.