காரைக்காற் பணமும் அரைப் பைசாவும்

தசம எண்ணை முழு எண்ணாக்குங்கால், சரிபாதியாய் எஞ்சும் கூற்றை மேலேற்றுவதா கீழிறக்குவதா என்பது கணக்குத் தேர்வுகளில் வழக்கமாக வரும் வினா. 12.5 என்பதற்கு 13 என விடையெழுதுவது பள்ளி நெறி. இந்திய நாணயச் சட்டமோ இதே வினாவிற்கு 12 என விடை பகர்ந்தது. இவ்வேறுபாட்டின் தன்மையைக் காரைக்காலின் பழைய நாணயக் கணக்கு நன்கு விளக்குகின்றது.

காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்தது. (இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றியதுண்டு.) தசம அளவைகளை 1795-இல் சட்டமாக்கிய நாடு பிரான்சு. ஆயினும், பிரெஞ்சிந்திய அஞ்சல் தலைகளில் அதுகாறும் வழங்கிய சாந்தீம் விலை 1923-இல் கைவிடப்பட்டுப் பணமும் காசும் அச்சேறின. 24 காசு ஒரு பணம். 8 பணம் ஒரு ரூபாய். நூற்றுக்கூறு நம் பணத்திற்கு வழிவிட்டது சுவையான செய்தியே.

இக்கணக்கில் ரூபாய்க்கு 192 காசு. ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில் ரூபாய்க்கு 192 பை. எனவே ஒரு பணம் இரண்டணாவிற்கு நிகர்; ரூபாயில் அரைக்கால். முந்திரி 1/320 ஆதலின், அரைக்கால் 40 முந்திரி, மீதியென ஒன்றுமில்லை. 320-இன் பகாக்காரணிகள் இரண்டும் ஐந்துமே; ஆதலால் முந்திரி தசமத்திலும் 0.003125 என முடிந்துவிடுகின்றது. 192-இல் மூன்று ஒரு காரணியாய் நிற்றலின், காசு 0.0052083... என முடிவின்றி நீளும். பழங்கணக்கர் முந்திரியினும் நுண்ணிய கூறு வேண்டின், கீழ்முந்திரிக்கு, அதாவது 1/1,02,400-க்கு, இறங்கினர். ஏட்டில் அது இயலும். கடையில் கொடுக்க நாணயம் வேண்டுமன்றோ?

1954 நவம்பர் 1-இல் காரைக்காலின் நிருவாகம் இந்தியாவிடம் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் 100 நயா பைசாவாயிற்று. பழைய பணத்தை இம்முறையில் வைத்து நோக்கின், ஒரு பணம் 12.5, மூன்று 37.5, ஐந்து 62.5, ஏழு 87.5. ஒற்றைப்படைப் பணம் ஒவ்வொன்றும் சரிபாதியிலேயே வந்து நிற்கின்றது! 1955-ஆம் ஆண்டு நாணயத் திருத்தச் சட்டம், அண்மையிலுள்ள பைசாவைக் கொள்க, இருபுறமும் சமமாயின் கீழுள்ளதைக் கொள்க என விதித்தது. அதன்படி இரண்டணா 12, ஆறணா 37, பத்தணா 62, பதினான்கணா 87. இழப்பு நாணயம் கொடுப்பவர்க்கே. எட்டு இரண்டணாக்களைத் தனித்தனியே கொடுத்தவர்க்கு 96 பைசாவே கிட்டும். ஒருங்கே கொடுத்தவர்க்கு 100. ஒரே கொடுக்கல் வாங்கலில் தரப்படும் நாணயங்களைக் கூட்டிய பின்னரே முழுமையாக்குக என்று சட்டம் கூறியதன் பயன் இங்கே புலப்படும். தேர்வெழுதும் மாணவரும் இடைப்படியிலேயே தசமத்தை வெட்டி விடை பிழைப்பது இதனாலேயே.

காலணாவின் நிலை இதற்கு மறுதலை. அது 1.5625 ஆதலின் 2 ஆயிற்று. நான்கு காலணாவைப் பிரித்துக் கொடுத்தால் 8 பைசா. சேர்த்துக் கொடுத்தால் 6. இங்கு இழந்தவர் கடைக்காரர்.